ஐரிஷ் நடிகர் ஆண்ட்ரூ ஸ்காட்: மனசை விட்டுப் போகாத ஒரே ஒரு காட்சி சொல்லுங்க

பால்கனி டிக்கெட்:
வான்யா நாடகம், 2023, லண்டன். ரஷ்ய எழுத்தாளர் செகாவோட கதையை மறுபடி சொல்லப் போறதில்லை. எட்டுப் பாத்திரம், ஒரே ஆள், உடை மாற்றம் கிடையாது, ஆளுக்கொரு பொருள்தான் அடையாளம். டாக்டர்னா டென்னிஸ் பந்து, ஹெலனான்னா கழுத்துச் சங்கிலி, சோனியான்னா அடுப்படித் துணி, மாமா வான்யாவுக்குக் கூலிங் கிளாஸ். டாக்டரும் ஹெலனாவும் நெருங்குற கட்டத்துல அணைக்கிற கையும் அவரோடது, அணைக்கப்படுற தோளும் அவரோடது. அந்த நேரம் பார்த்து மாமா வந்து நிக்கணும். அதுவும் அவரே. கேலிக்கூத்தாகியிருக்கணும். ஆகலை. ஏன் ஆகலைங்கறதுதான் குடையுது.

கடைசி வரிசை:
பால்கனி, பந்தும் துணியும் ஆளை அறிமுகப்படுத்த மட்டும்தான். ஓராள் நாடகத்துல முதல்ல உடையறது குரல் இல்லை, பார்வை. நெட்டை ஆள் குனிஞ்சு பேசினா, பதில் சொல்ற குட்டை ஆள் அதே கோட்டுல நிமிர்ந்து பார்க்கணும். நாலு விரற்கடை தவறினாலும் எதிர்ல ஆளில்லைங்கறது அம்பலம். அடுத்தது நேரம். கேள்வி போய்ச் சேர ஒரு கணம் வேணும். ரெண்டு பேருக்கும் ஒரே வாய்ங்கறதால அந்தக் கணத்தை முழுங்கிடுவாங்க. உடனே பலகுரல் நிகழ்ச்சி ஆயிடும். முயற்சி பண்றவங்க ரெண்டே பாத்திரம், பத்து வரி எடுத்துக்குங்க. முதல்ல குரலை மாத்தாதீங்க. பார்வையும், உடம்பு எடை எந்தக் கால்ல நிக்குதுங்கறதும் மட்டும் மாறட்டும். பார்க்கறவங்களுக்கு ஆள் பிரிஞ்சு தெரிஞ்ச பிறகு குரல். கைப்பொருள் கடைசி.

டீவி பைத்தியம்:
யாரும் கேட்காத பாடம், நன்றி. ஷெர்லாக் டீவி தொடர், 2010, நீச்சல் குளம், வில்லன் மோரியார்ட்டியா ஸ்காட். அதுக்கு முன்னாடியே பிணவறையில வேலை பார்க்கற மாலியோட காதலனா, ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் ஆளா எட்டிப் பார்த்துட்டுப் போயிருப்பார். அதான் வலை. குளத்துல கொஞ்சிக் கொஞ்சிப் பேசிட்டே வந்து ஒரு பதில்ல மட்டும் அலறுவார். அடுத்த மூச்சுல பழைய குரல். முகத்துல முன்னறிவிப்பே வராது. 2012ல மோரியார்ட்டிக்கு பாஃப்டா விருது. அவரை உருவாக்கினதே அந்தக் குளம்தான்.

அப்பே வாசல்:
உருவாக்கினதா? ட்ரினிட்டி காலேஜ்ல நாடகப் படிப்பை ஆறே மாசத்துல விட்டுட்டு டப்ளின் அப்பே தியேட்டருக்குப் போனவர். 2005லயே ராயல் கோர்ட் தியேட்டர் நாடகத்துக்கு ஒலிவியர் விருது, லண்டன் நாடகங்களுக்கான விருது அது. 2008ல புஷ் தியேட்டர்ல ‘சீ வால்’, சைமன் ஸ்டீபன்ஸ் இவரை மனசுல வச்சு எழுதினது. அரை மணி நேரம், ஒருத்தர். கடல்ல நீந்திட்டிருக்கிற அப்பா, பாறையிலேர்ந்து மகள் விழறதைத் தூரத்துலேர்ந்து பார்க்கறார். ஓடிப் போய்ப் பிடிக்க வழியே இல்லை. அந்த இடத்துல வாக்கியங்கள் பாதியில நிக்கும். வான்யாவைத் தழுவி எழுதினதும் இதே ஸ்டீபன்ஸ்தான். பால்கனி கேட்டதுக்கு விடை அங்கே இருக்கு, குளத்துல இல்லை.

கறுப்பு வெள்ளை:
ரிப்ளி தொடர், 2024, மூணாவது எபிசோட், படகு. மோசடிக்காரன் ரிப்ளியா ஸ்காட். துடுப்படியோட பணக்கார நண்பன் டிக்கியோட கொலை முடியுது, வேலை அப்பதான் ஆரம்பிக்குது. உடம்பை நங்கூரத்தோட கட்டணும். நடுவுல இவரே தண்ணில விழறார். மோட்டார் ஓடிட்டே இருக்கறதால படகு வட்டமடிச்சு இவர் மேலயே வருது. பிறகு படகையும் ஒழிச்சுக் கட்டணும், அதுக்குக் கல் சுமக்கணும். வசனம் அநேகமா இல்லை. பயத்தை விட எரிச்சல்தான் முகத்துல. நாவல்ல ரிப்ளிக்கு 25, இவருக்கு 47ன்னு குறை சொல்றாங்க. இத்தனை வருஷமா எதுவும் கைகூடாதவனோட அலுப்பு 25ல எப்படி வரும்?

டீவி பைத்தியம்:
வயசு விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். அஞ்சாவது எபிசோட்ல ரெண்டாவது கொலை நடக்கற கட்டடத்துப் பூனையை வேற விட்டுட்டீங்க. இவ்வளவு கவனமா இருந்தும் அங்கே நடந்ததைப் பார்த்த ஒரே சாட்சி அதுதானே?