மர்ம நாவல் கேட்கும் வாசகருக்கு அடுத்ததாக எதைக் கொடுப்பது?

கேள்வி: வாசகர் வட்ட உறுப்பினர், பாலக்கோடு

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் எங்கள் பகுதிக் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். மாலை வேளைகளில் நூலகருக்குத் துணையாக, நூல் வழங்கும் மேசையில் அமர்வது வழக்கம். வாசிப்பு அறையை இப்போது பெரும்பாலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளே நிறைத்திருக்கிறார்கள் என்றாலும், வீட்டுக்கு நூல் எடுத்துச் செல்பவர்கள் இன்றும் நாவலைத்தான், அதிலும் மர்ம நாவலைத்தான் கேட்கிறார்கள். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன் ஆகியோரின் நூல்கள் அலமாரியில் தங்குவதே இல்லை. பக்கத்து அலமாரியில் இருக்கும் சமகால நாவல்களோ, விருது பெற்றவை உட்பட, தேதித் தாளில் ஒரு முத்திரைகூட விழாமல் புதிதாகவே இருக்கின்றன.

"இது நல்ல இலக்கியம், படித்துப் பாருங்கள்" என்று சொல்லிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள். மறுத்துப் பேச அவர்களுக்கு மனம் வருவதில்லை. ஆனால் அடுத்த முறை வரும்போது பிரித்த அடையாளமே இல்லாமல் அந்த நூல் திரும்பி வந்துவிடுகிறது. மர்ம நாவல் வாசகரைச் சமகால நாவலின் பக்கம் அழைத்துவர நாம் முயல வேண்டுமா? வேண்டும் என்றால் எந்த நூல்களின் வழியாக, என்ன சொல்லி? பணி ஓய்வு பெற்றவர்கள், வீட்டுப் பொறுப்பில் இருக்கும் பெண்கள், ஓசூர்த் தொழிற்சாலைகளில் முறைப்பணிக்குச் சென்றுவரும் இளைஞர்கள் ஆகியோரே எங்களிடம் அதிகம் வருகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற நூலகர், கிருஷ்ணகிரி

தங்கள் முதல் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். அழைத்துவர வேண்டிய கடமை எதுவும் நமக்கு இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டபோது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்றுதான் எழுதினாரே தவிர, நூலகர் விரும்பும் நூல் என்று எழுதவில்லை. ராஜேஷ்குமாரைக் கேட்டு வருபவருக்கு ராஜேஷ்குமாரைக் கொடுப்பது முழுமையான நூலகப் பணிதான். அதைத் தாழ்வாக நினைக்கும் முகக்குறிப்பு நம்மிடம் தெரிந்துவிட்டால் அந்த வாசகர் நம்மிடம் பேசுவதை நிறுத்திவிடுவார். அதன் பிறகு எந்தப் பரிந்துரையும் செல்லாது.

அடுத்தது, மர்ம நாவல் என்று ஒரே பெயரில் கேட்டாலும் வாசகர்கள் எல்லோரும் ஒன்றையே தேடுவதில்லை. ஒருவருக்குப் புதிரை அவிழ்ப்பதில் இன்பம். மற்றொருவருக்கு அத்தியாயத்துக்கு அத்தியாயம் விரட்டும் வேகம் போதும், கொலையாளி யார் என்பதுகூட இரண்டாம் பட்சம். இந்திரா சௌந்தர்ராஜனைத் தேடி வருபவர்களுக்கோ கோயில், சித்தர், சாபம், பழைய வீடு என்று ஒரு அச்சம் வேண்டும். ஆகவே, "எந்த மாதிரி நாவல் வேண்டும்?" என்று கேட்பதைவிட, "கடைசியாகத் தூக்கத்தை விட்டுப் படித்த நூல் எது? அதில் எது பிடித்திருந்தது?" என்று கேட்பதே பயன் தரும். பதில் எப்போதும் நூலின் பெயராக வராது. "அந்த வக்கீல் பேசுகிற பேச்சு" என்பார் ஒருவர். சுஜாதாவின் துப்பறியும் வக்கீல்களான கணேஷும் வசந்தும் அவருக்கு இன்னும் நெடுந்தூரம் துணை வருவார்கள் என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

அச்சம் தேடுபவருக்குச் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' மிகப் பொருத்தமானது. பேயா, அறிவியலா என்ற கேள்வியில் கணேஷ் ஒரு பக்கமும் வசந்த் மறுபக்கமும் நிற்பார்கள். வாசகர் தமக்கு உகந்த பக்கத்தைத் தேர்ந்துகொள்ளலாம். அவருடைய 'கரையெல்லாம் செண்பகப்பூ' அதைவிட ஒரு படி மேலே உதவும். நாட்டுப்பாடல்களைத் திரட்ட ஒரு கிராமத்துக்கு வரும் இளைஞனின் கதை அது. கொலைக்காகப் படிக்கத் தொடங்குபவர் கிராமத்தையும் பாட்டையும் சேர்த்தே படித்துவிடுவார்.

பணி ஓய்வு பெற்றவர்களுக்கு தேவனின் 'துப்பறியும் சாம்பு'வையும் தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளையும் தயங்காமல் எடுத்துக் காட்டுங்கள். இளமையில் வாரப் பத்திரிகைக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். எழுத்து பெரிதாக அச்சிடப்பட்ட பதிப்பு இருந்தால் அதையே கொடுங்கள். கதை பிடிக்கவில்லை என்று திருப்பித் தரும் முதியவர்களில் பலருக்கு உண்மையில் அச்சுத்தான் சிக்கல். மாத நாவல்களின் தாள் விரைவில் நைந்துவிடும் என்பதால், ஒரே ஆசிரியருடையவற்றை நான்கைந்தாகச் சேர்த்துத் தைத்து அட்டையிட்டு வையுங்கள்.

பதில்: ஓசூர் வாசகி

ஐயா கூறியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கடமை இல்லை என்று முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அலமாரியில் ஒரு நூல் இருப்பதே தெரியாதவருக்கு, அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இல்லை என்றுதான் பொருள். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பதும் அதே அரங்கநாதனின் விதிதானே!

சமகால நாவலை இலக்கியம் என்ற பெயரில் அறிமுகம் செய்வதுதான் அதைத் திருப்பி அனுப்புகிறது என்பது என் எண்ணம். மர்ம வாசகர் பழகியிருப்பது கேள்விகளுக்கு. அதனால் அந்த நாவலில் உள்ள கேள்வியைச் சொல்லிக் கொடுங்கள். பூமணியின் 'வெக்கை'யை (1982) எடுத்துக்கொள்வோம். கொலை தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. செய்தவன் ஒரு சிறுவன் என்பதும் தெரிந்துவிடுகிறது. மகனும் தந்தையும் காட்டிலும் கரட்டிலும் மறைந்து திரியும் நாட்கள்தான் நாவல். "கொன்றவன் யார் என்று தெரிந்த பிறகும் கதையை வைக்க முடியுமா, படித்துப் பாருங்கள்" என்று ஒரு வாக்கியம் போதும். 'அசுரன்' திரைப்படத்தின் மூலம் இதுதான் என்பதால் தொழிற்சாலை இளைஞர்கள் தாமாகவே கை நீட்டுவார்கள். படத்தில் இல்லாத நிதானம் நூலில் உண்டு என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இமையத்தின் 'செல்லாத பணம்' 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. விருதைப் பற்றிப் பேசவே வேண்டாம். உடல் கருகிய நிலையில் ஒரு பெண் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். தீ வைத்துக்கொண்டாளா, வைக்கப்பட்டாளா என்று வெளியே காத்திருக்கும் குடும்பம் தவிக்கிறது. இதைக் கேட்ட பிறகு நூலை வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போகிறவர் குறைவு. எங்கள் குடியிருப்பில் இந்த நாவலை ஒருவர் படித்து முடிப்பதற்குள் இருவர் வரிசையில் நின்றோம், அத்தனை பேரும் துப்பறியும் கதை படிப்பவர்கள். ஆனால் வீட்டில் அண்மையில் இழப்பைச் சந்தித்தவருக்கு இதைக் கொடுக்காதீர்கள்.

வேகத்தை விட முடியாதவர்களுக்கு ஜெயமோகனின் 'உலோகம்' இருக்கிறது. ஈழப் போராட்டப் பின்னணியில் எழுதப்பட்ட திகில் நாவல் அது. அவருடைய பெரிய நாவல்களைக் கண்டு அஞ்சுபவர்கள்கூட இதை ஓரிரு நாட்களில் முடித்துவிடுவார்கள்.

பதில்: அரூர், தமிழாசிரியர்

மேற்கண்ட வரிசையில் பெருமாள்முருகனின் 'பூக்குழி'யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காதலித்து மணந்த பெண்ணின் சாதியை மறைத்து, அவளைத் தன் ஊருக்கு அழைத்து வருகிறான் ஒருவன். ஊர் எப்போது கண்டுபிடிக்கும் என்ற பதைப்பு, எந்த மர்ம நாவலுக்கும் குறையாமல் கடைசிப் பக்கம் வரை நீள்கிறது. அளவிலும் சிறியது. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது.

நம் மாவட்டத்தில் இந்த நாவல் வெறும் கதையாகப் படிக்கப்படாது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்காக அதை உள்ளே எடுத்து வைத்துவிடக் கூடாது. மேசையருகே நான்கு பேர் கேட்க இதைப் பற்றி விவாதிப்பதைத் தவிர்த்து, கேட்பவர் கையில் அமைதியாகக் கொடுத்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். திருப்பித் தரும்போது அவராகப் பேசினால் பேசலாம்.

மீண்டும்: வாசகர் வட்ட உறுப்பினர், பாலக்கோடு

மூவருக்கும் நன்றி. 'வெக்கை' எங்களிடம் இருக்கிறது; 'செல்லாத பணம்' இல்லை, மாவட்ட மைய நூலகத்தில் விசாரிக்க வேண்டும். ஒரு சிறு ஐயம். ஓசூரில் வாழும் பா. வெங்கடேசனின் 'தாண்டவராயன் கதை' எங்கள் அலமாரியில் கேட்பாரற்று இருக்கிறது. நம் பக்கத்து எழுத்தாளர் என்று சொல்லிக் கொடுக்கலாமா?

பதில்: ஓசூர் வாசகி

கொடுக்கலாம், ஆனால் முதல் நூலாக வேண்டாம். மிகப் பெரிய நாவல். ஒரு வாக்கியமே சில வேளை பக்கத்தைத் தாண்டும். கதைக்குள் கதையாகப் போகும் அதன் புதிர்த்தன்மையை விரும்பக்கூடியவர் உங்கள் வாசகர்களில் ஓரிருவர் நிச்சயம் இருப்பார்கள்: கணேஷ், வசந்த் வரிசை முழுவதையும் முடித்துவிட்டு, "வேறு என்ன இருக்கிறது?" என்று மேசையை விட்டு நகராமல் நிற்பவர்கள். அவர்களிடம் இருபது பக்கம் மட்டும் அங்கேயே உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். பிடித்தால் எடுத்துச் செல்லட்டும். தவணைக்குள் முடியாது என்பதால் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அபராதத்துக்கு அஞ்சியே பலர் தடித்த நூல்களைத் தொடுவதில்லை.