பவர் கைட் கயிற்றில் சிக்கு விழுந்தால்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

முதல் பதிவு

சிக்கு வேறு, முடிச்சு வேறு என்பது எனக்குப் புரிவதற்கு மண்டபம் கடற்கரையில் ஒரு முழு மாலைப் பொழுது செலவானது. ஆடிக் காற்று சீராக வீசிய நாள் அது. என்னிடம் இருப்பது இரண்டு கைப்பிடிகளும் நான்கு கயிறுகளும் கொண்ட 3 சதுர மீட்டர் பவர் கைட், அதாவது ஆளையே இழுக்கும் வலுவுள்ள பெரிய பட்டம். கயிறு ஒவ்வொன்றும் 20 மீட்டர் நீளம். இழுவையைத் தாங்கும் மேல் கயிறுகள் இரண்டும் சற்றுத் தடித்தவை, கைட்டைத் திருப்பவும் நிறுத்தவும் உதவும் பிரேக் கயிறுகள் இரண்டும் மெல்லியவை. முந்தைய நாள் இருட்டிவிட்டது என்று கயிற்றைக் கைப்பிடியில் சுற்றாமல் அப்படியே அள்ளிப் பைக்குள் திணித்திருந்தேன். மறுநாள் பையைத் திறந்தபோது நான்கும் ஒரே பந்தாக வெளியே வந்தன.

பந்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தது நான் செய்த முதல் தவறு. இந்தக் கயிறுகள் டைனீமா என்ற வலுவான செயற்கை இழையால் ஆனவை. சிறு வயதில் நாம் விட்ட காற்றாடியின் நூலைப் போன்ற சொரசொரப்பு இவற்றில் கிடையாது. மெழுகு பூசியது போல வழுக்கும். தளர்வாக வைத்துக்கொண்டால் அந்த வழுக்கலே நமக்கு உதவியாகி, வளையங்கள் ஒன்றிலிருந்து ஒன்று நழுவி விலகிவிடும். இழுத்தாலோ அதே வழுக்கலால் கயிறு கயிற்றுக்குள் புதைந்து, கடுகளவுக் கட்டியாக இறுகிப்போகும்.

இரண்டாவது தவறு அதைவிடப் பெரியது. முனைகள் விடுபட்டால் வேலை எளிதாகும் என்று நினைத்து, கைட் பக்கத்தில் நான்கு கயிறுகளையும் கழற்றிவிட்டேன். அங்கே மணல்மேடு முழுவதும் இராவணன் மீசைப் புல் படர்ந்திருக்கும். விடுபட்ட முனைகளைக் காற்று அந்த முள்ளுருண்டைகளின் மேல் புரட்டியதில், எந்த முனை எந்த வளையத்துக்குள் நுழைந்து வந்தது என்பதே தெரியாமல் போயிற்று. அதுவரை வெறும் சிக்காக இருந்ததில் நிஜமான முடிச்சுகள் விழுந்தது அப்போதுதான்.

மணலில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தபோது ஒன்று விளங்கியது. இரண்டு முனைகளும் கட்டப்பட்டிருக்கும் கயிற்றில் முடிச்சு தானாக விழ வழியே இல்லை. கைட்டோ கைப்பிடியோ ஒரு வளையத்துக்குள் புகுந்து வந்திருந்தால் மட்டுமே அவிழாத பிணைப்பு உண்டாகும். அப்படி எதுவும் புகவில்லை என்றால், நம் கண்ணுக்கு முடிச்சாகத் தெரிவதெல்லாம் மடிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வளையங்கள்தாம்.

அன்று முதல் நான் முனைகளைக் கழற்றுவதில்லை. கைட்டின் பின் ஓரத்தில் மணலை அள்ளிப் போட்டு அசையாமல் வைத்துவிட்டு, எலுமிச்சம்பழம் போல இறுகிக் கிடக்கும் பந்து முறம் அளவுக்கு அகலும் வரை அதன் ஓரங்களை வெளிப்புறமாக மெதுவாக விரித்துக்கொண்டே இருப்பேன். இந்த நேரத்தில் எந்தக் கயிறு எங்கே போகிறது என்று ஆராயத் தேவையில்லை, தளர்த்தினால் போதும். பாதிச் சிக்கு இதிலேயே உதிர்ந்துவிடும். மிச்சத்தில் கைப்பிடி எந்த வளையத்தைத் தாண்டி வந்தது என்று தேடி, வந்த வழியே அதைத் திருப்பி நுழைத்தால் பெரும்பாலும் நான்கு கயிறுகளும் பிரிந்துவிடுகின்றன.

கயிறுகள் ஒன்றையொன்று சுற்றியிருப்பது மட்டுமே என்றால் நான் கவலைப்படுவதில்லை. சில சுற்றுகள் இருந்தாலும் டைனீமா வழுக்கிக்கொண்டு கைட் சொல்பேச்சைக் கேட்கும். வானில் எதிர்த்திசையில் வட்டமடிக்கவைத்தால் சுற்று கழன்றுவிடும். ஆனால் சிக்கோ முடிச்சோ இருக்கும்போது தயவுசெய்து எவரும் கைட்டை ஏற்ற வேண்டாம். பிரேக் பிடிபடாமல் கைட் ஒரே பக்கமாகச் சுற்றத் தொடங்கினால் அந்த இழுவையை அடக்க முடியாது. சிக்கெடுக்கும்போது கயிற்றை விரலில் சுற்றிக்கொள்வதும் கூடாது, காற்று திடீரென்று கைட்டைத் தூக்கினால் அந்த மெல்லிய கயிறு விரலை அறுத்துவிடும்.

மறுமொழி 1

எங்கள் வீட்டில் தலைமுறைகளாக வலை பின்னுகிறார்கள் என்பதால், இறுகிப்போன முடிச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதலில் அதை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். உப்பும் மணலும் உள்ளே இருக்கும் வரை நீங்கள் நெருடும் ஒவ்வொரு முறையும் இழை தேயும். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிக்கொண்டே, இரண்டு பக்கக் கயிற்றையும் முடிச்சுக்குள் தள்ளுங்கள், வெளியே இழுக்காதீர்கள். ஒரு சிறு வளையம் புடைத்தவுடன், முனை மழுங்கிய ஊசியையோ பல்குத்தும் குச்சியையோ அதில் விட்டு நெம்பினால் போதும். பல்லால் கடிப்பதும் குறட்டால் பிடிப்பதும் இழையைச் சிதைக்கும்.

அவிழ்த்த பிறகும் வேலை முடிவதில்லை. முடிச்சு விழுந்த இடத்தில் டைனீமா தன் தாங்கு திறனில் பாதிக்கும் மேல் இழந்துவிடும் என்பதால், முடிச்சோடு பறக்கவிட்ட கயிறு என்றால் அந்த இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். பஞ்சு போலப் பிசிறு எழுந்திருந்தாலோ தட்டையாகியிருந்தாலோ அந்தக் கயிற்றை மாற்றிவிடுவதே சரி. அதோடு நான்கு முனைகளையும் ஒரே ஆணியில் மாட்டி நீளத்தை ஒப்பிடுங்கள். கண்ணுக்குத் தப்பிய சிறு முடிச்சு ஒன்று இருந்தாலும் அந்தக் கயிறு குட்டையாகிக் கைட்டை ஒரு பக்கம் சாய்த்துவிடும்.

மறுமொழி 2

நான் இலங்கையின் கற்பிட்டிக் களப்பில், சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் காலத்தில் கைட் சர்ஃபிங் (கைட் இழுக்கப் பலகையில் நின்று நீரில் சறுக்குவது) செய்பவன். முனைகளைக் கழற்றக் கூடாது என்று முதல் பதிவில் சொல்லப்பட்டிருப்பது கைப்பிடி கைட்டுக்கு முற்றிலும் பொருந்தும். கைப்பிடிகளுக்குப் பதிலாக ஒரே கம்பியைப் (பார்) பிடித்து ஓட்டும் நாங்கள் பயன்படுத்தும் வகையில் ஒவ்வொரு நாளும் கயிறுகளைக் கழற்றித்தான் சுற்றி வைக்கிறோம். அதனால் பாரை மணலில் ஊன்றிவிட்டு, கயிறுகளை விரல் இடுக்குகளில் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தலைமுடியைக் கோதுவது போலக் கோதியபடி கைட்டை நோக்கி நடப்போம். பார் பக்கம் நிலையாக இருப்பதால் சிக்கு முன்னால் தள்ளப்பட்டுக்கொண்டே போய், விடுபட்ட முனைகள் வழியாக வெளியேறிவிடும். அவசரத்தில் ஓடினால் மட்டும் அது இறுகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றி வளர்ந்தவன் என்பதால் நான் முதலில் பார்ப்பது முச்சையைத்தான். கைட்டின் அடியில் இருக்கும் அந்தச் சிறு கயிறுகளில் ஒன்று சிறகின் நுனியைச் சுற்றிக் கிடந்ததைக் கவனிக்காமல் ஒரு முறை ஏற்றிவிட்டேன். கைட் எழுந்ததும் இடப்பக்கமாகவே சுழன்று, என்னை முழங்கால் அளவுத் தண்ணீரில் இருபது அடிக்கு மேல் இழுத்துச் சென்றது. பாதுகாப்புக் கொக்கியைத் தட்டிவிட்டதால் தப்பினேன்.

முதல் பதிவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆணி யோசனையை நேற்று இரவே செய்து பார்த்தேன். இடப்பக்கப் பிரேக் கயிறு மற்றவற்றைவிட ஒரு விரற்கடை குட்டையாக இருந்தது. விளக்கின் கீழே விரலால் தடவிக்கொண்டே போனபோது, கைட் பக்க முனையின் உறைக்குச் சற்று முன்னால் எள்ளளவுக்கு ஒரு முடிச்சு நெருடியது. இப்போது அது தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது.