ஸோர்னுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

இங்கே எல்லோரும் எழுதுவதைப் படித்துவிட்டுப் போவதோடு சரி, நான் எழுதுவது குறைவு. இப்போது ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன், அதனால் வந்தேன். எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில், புதிதாக லண்டன் வந்தவர்களுக்காகக் கார் வைத்திருப்பது பற்றி நாலு பக்கத் துண்டறிக்கை ஒன்று போடுகிறோம். இன்சூரன்ஸ், எம்.ஓ.டி. என்ற வருடாந்திர வண்டிச் சோதனை எல்லாம் ஒருவழியாக எழுதியாகிவிட்டது. ஸோர்னில் வந்து மாட்டிக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விவரம். பிரிட்டனில் ஒரு காரை வரி கட்டாமல் வைத்திருக்க வேண்டுமானால், "இந்த வண்டி பொதுச் சாலைக்கு வராது" என்று ஸ்வான்சியில் இருக்கும் டி.வி.எல்.ஏ. என்ற வண்டி, ஓட்டுநர் பதிவு அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். இதுதான் ஸோர்ன். முழுப்பெயர் ஸ்டாச்சுட்டரி ஆஃப் ரோட் நோட்டிஃபிகேஷன், அதாவது வண்டி சாலையில் இல்லை என்று சட்டப்படி தெரிவிப்பது. 1998 ஜனவரி 31இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை வரி கட்டாத வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்று கண்டுபிடிக்கும் பாடு அரசாங்கத்தினுடையது. இது வந்த பிறகு, நிற்கிறது என்று சொல்வது வண்டி வைத்திருப்பவரின் கடமை ஆகிவிட்டது. சொல்வதற்குக் காசு இல்லை. வரியும் கட்டாமல் சொல்லவும் செய்யாமல் சும்மா இருந்தால் 80 பவுண்டு அபராதம் தானாக வரும், 33 நாளுக்குள் கட்டினால் பாதி.

எனக்கே வந்தது. நண்பர் ஒருவரிடம் கியர்பாக்ஸ் போன பழைய கார் ஒன்றை வாங்கினேன், அவர் ஏற்கெனவே ஸோர்ன் போட்டிருந்தார், வண்டியோடு அதுவும் என் பேருக்கு வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். வராது. கை மாறினால் பழைய ஸோர்ன் செல்லாது, வாங்கியவர் தன் பேரில் புதிதாகப் போட வேண்டும். கார் என் வீட்டு முன்வாசலில் ஓர் அங்குலம்கூட நகராமல் நிற்கிறது, கடிதம் மட்டும் வருகிறது!

அதனால்தான் இந்தச் சொல்லில் இவ்வளவு கவலை. நான் யோசித்தவை: "சாலை விலக்கு", "சாலை விலகல் அறிவிப்பு", "வாகன நிறுத்தி வைப்பு". முதலாவது எனக்கே பிடிக்கவில்லை. விலக்கு என்றதும் வரிவிலக்கு ஞாபகம் வரும், சலுகை கிடைத்துவிட்டது என்று காரைத் தெருவிலேயே விட்டுவிடுவார்கள். இரண்டாவது பரவாயில்லை என்று நினைக்கிறேன். பதவி நீக்கம் அடுத்தவர் செய்வது, பதவி விலகல் தானே செய்வது இல்லையா? அதுபோல இங்கே வண்டிக்காரர் தானே முன்வந்து சாலையிலிருந்து விலகுகிறார். அப்புறம், ஈஸ்ட்ஹாமில் ஒரு பெரியவர் எல்லோரிடமும் "வண்டி சோர்ந்துபோச்சு" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒலியும் பொருளும் இவ்வளவு பொருந்துகிற சொல் நம்மால் உட்கார்ந்து யோசித்தாலும் கிடைக்காது, ஆனால் அச்சில் போட முடியாதே.

கருத்துச் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாமிலிருந்து

* * *

> சாலை விலகல் அறிவிப்பு

வணக்கம் தம்பி. நல்ல வேலை செய்கிறீர்கள். ஆனால் இந்தச் சொல்லைப் போட்டால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள்.

முதலில் சாலை. இலங்கையில் பஸ் டிப்போவைத்தான் சாலை என்பது. பருத்தித்துறைச் சாலை என்றால் பருத்தித்துறைக்குப் போகிற றோட்டு இல்லை, அங்கே இ.போ.ச. பஸ்கள் நிற்கிற இடம். மற்றபடி பாடசாலை, வைத்தியசாலை என்று கட்டடங்களுக்குத்தான் அந்தச் சொல். நாங்கள் எழுதுவது வீதி. உங்கள் துண்டறிக்கையை எங்கள் ஆட்கள் இருக்கிற ஹரோவிலும் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இதை யோசிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை விலகல். ஊர்ப் பத்திரிகையைத் திறந்தால் "வேகக் கட்டுப்பாட்டை இழந்த கார் வீதியை விட்டு விலகி மதிலுடன் மோதியது" என்று அடிக்கடி ஒரு செய்தி இருக்கும். வீதி விலகல் என்றால் எனக்குக் கார் வாய்க்காலுக்குள் கிடக்கிற படம்தான் வருகிறது.

அறிவிப்பு, அறிவித்தல் இரண்டையும் கவனமாகப் பாவியுங்கள். நான் அறிவித்தல் என்று வாசித்தவுடன் "மரண" என்று முன்னுக்குத் தானாக வந்து நிற்கிறது. காருக்கு அந்தியேட்டி செய்வது போல.

இன்னொன்று. வீதி என்றால் எதுவரை வீதி என்பதைச் சொல் காட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஸோர்ன் போட்ட காரின் இரண்டு சில்லை நடைபாதையில் ஏற்றி விட்டுவிட்டு, "இது வீதி இல்லைத்தானே" என்று வாதாடினார். நடைபாதை, வீதியோரப் புல் எல்லாம் வீதியோடு சேர்ந்ததுதான். காருக்குக் கிளாம்ப் போட்டுப் பூட்டிவிட்டார்கள், எடுக்க 100 பவுண்ஸ், உடனே வரி கட்ட முடியாவிட்டால் அதற்கு மேல் 160 பவுண்ஸ் பிணைக்காசு. இப்படியான ஆட்களுக்குத்தான் நீங்கள் எழுதுகிறீர்கள்.

ஹரோவிலிருந்து

* * *

இதற்கு ஏன் கஷ்டப்படுகிறீர்கள்? இங்கே தமிழ்நாட்டில் வேறு பெயரில் இது இருக்கிறது. ஆம்னி பஸ், லாரிக்காரர்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் "ஸ்டாப்பேஜ் கொடுப்பது" என்பார்கள். வண்டி ஓடப்போவதில்லை, இந்தக் காலாண்டு வரி வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது. 2020 ஊரடங்கில் ஆம்னி பஸ் உரிமையாளர்கள் நிறையப் பேர் கொடுத்தார்கள், நான் அப்போது ஒரு டிராவல்ஸில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன், பேப்பர் கட்டுக்கட்டாகப் போனது. சொந்தக் கார்க்காரர்களுக்கு இந்த அனுபவமே இல்லை, வண்டி வாங்கும்போதே ஆயுள் வரி கட்டி முடித்துவிடுகிறோமே. அதனால்தான் பொதுப் பேச்சில் இதற்கு ஒரு தமிழ்ச் சொல் வளரவில்லை என்று தோன்றுகிறது.

என் வாக்கு "ஓட்ட நிறுத்தம்". இல்லாவிட்டால் "கிடப்பு". கிடப்பில் போடுவது எல்லோருக்கும் தெரிந்த பேச்சுதானே? "காரைக் கிடப்பில் போட்டிருக்கிறேன்". நாலெழுத்தில் முடிந்தது.

சென்னையிலிருந்து

* * *

ஹரோ அண்ணா, சென்னை அக்கா, இருவருக்கும் நன்றி. வாய்க்கால் படம் எனக்கும் இப்போது மண்டையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. விலகல் செத்தது.

> என் வாக்கு "ஓட்ட நிறுத்தம்"

அக்கா, ஸ்டாப்பேஜ் எனக்குத் தெரியாது, நல்ல செய்தி. ஆனால் லண்டனில் நிறுத்தம் என்றால் ஒன்று பஸ் நிறுத்தம், இல்லை கார் நிறுத்துமிடம். ஸோர்ன் என்பது நிறுத்துவதற்கு வாங்கும் அனுமதி என்று யாராவது படித்துவிட்டால், அண்ணா சொன்ன நடைபாதைக்காரர் கதைதான்.

அதோடு ஓட்டத்தை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்ன மாதிரி. ஓடக்கூடாது என்பது எல்லோருக்கும் புரிகிறது. ஓடாமல் தெருவில் நிற்கவும் கூடாது என்பதில்தான் இடறுகிறார்கள். கொஞ்சம் காற்றடிக்க, பெட்ரோல் போட என்று எடுத்துக்கொண்டு போவதும் தப்பு. முன்கூட்டியே நேரம் பதிவு செய்த எம்.ஓ.டி. போன்ற சோதனைக்குப் போய்வர மட்டும் எடுக்கலாம், அதற்கும் அன்றைக்கு இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். வேறெதற்கு ஓட்டினாலும் வழக்குப் போட்டு 2,500 பவுண்டு வரை தீட்டலாம்.

> இல்லாவிட்டால் "கிடப்பு"

இதில் ஒரு ராத்திரி முழுக்க மயங்கிக் கிடந்தேன். பேச்சுச் சொல், வினையாகவும் வருகிறது, சின்னது. ஆனாலும் கிடப்பில் போடுவது என்றால் கோப்பைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு மறந்துபோவது. முன்பெல்லாம் ஸோர்னை மறக்கவே முடியாது, 12 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2013 டிசம்பர் 16க்குப் பிறகுதான் ஒருதடவை சொன்னால், மறுபடி வரி கட்டும்வரை, அல்லது விற்கும்வரை, உடைக்கப் போடும்வரை, ஒரேயடியாக நாட்டை விட்டு ஏற்றுமதி செய்யும்வரை நிற்கும் என்று ஆனது. அந்த வகையில் இன்றைக்குக் கிடப்பு கொஞ்சம் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் எங்கே கிடக்கிறது என்பதை அது சொல்லவில்லையே.

நாம் எல்லோரும் ஆங்கிலப் பெயரில் இருக்கும் "ரோட்" பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று நேற்று பாத்திரம் கழுவும்போது தோன்றியது. கார் எங்கே இருக்கக் கூடாது என்பதை அந்தப் பெயர் சொல்கிறது. அதைத் தமிழில் கொண்டுவரப் போனால் சாலையா, வீதியா, தெருவா என்ற சண்டையும் கூடவே வருகிறது. எங்கே இருக்க வேண்டும் என்று சொன்னால் என்ன? வீட்டு முன்வாசல், கராஜ், யாருடையதாவது சொந்த நிலம். இதற்கு அண்ணா ஊரில் ஒரு சொல் இருக்கிறது, அது எங்கள் ஊரிலும் இருக்கிறது: வளவு.

நான் திருநெல்வேலி. எங்கள் பக்கம் ஒரே வாசலுக்குள் வரிசையாக நாலைந்து வீடு இருந்தால் வளவு. செட்டிநாட்டிலும் பெரிய வீட்டுக்குள் வளவு உண்டு. யாழ்ப்பாணத்தில் வேலி போட்ட வீட்டு நிலம் முழுவதும் வளவு என்று அண்ணா சொல்வார். அளவு மாறுகிறது, ஆனால் தெருவை விட்டு உள்ளே தள்ளி, ஒருத்தருக்குச் சொந்தமாக, எல்லை கட்டின இடம் என்பது மூன்றிலும் மாறவில்லை.

ஆகவே "வளவிருப்பு". கார் வளவிருப்பில் இருக்கிறது. காரை வளவிருப்பில் வைத்தேன். நடைபாதை யாருடைய வளவும் இல்லை, அந்த வாதாட்டக்காரர் வாயைத் திறக்க முடியாது. இருப்பு என்பதால் கார் கெட்டுப்போனதாகவும் இல்லை, செத்ததாகவும் இல்லை, கைவசம் இருக்கிறது. சட்டத்தின் முழுப்பெயராக எழுத வேண்டிய இடத்தில் மட்டும் "வளவிருப்புத் தெரிவிப்பு". அறிவித்தலைத் தவிர்த்துவிட்டேன், அண்ணா காரணம். ஸ்டாச்சுட்டரி என்பதைப் பெயரில் சுமக்கவில்லை, கட்டாயம் என்று அடுத்த வரியிலேயே எழுதிவிடலாம்.

ஈஸ்ட்ஹாமிலிருந்து

* * *

வளவு! இதை நான் சொல்லியிருக்க வேண்டும், வெட்கமாக இருக்கிறது.

ஒரு கேள்வி. பிளாட்டில் இருக்கிறவனுக்கு ஏது வளவு? லண்டனில் பாதிச் சனம் மாடியில் இருக்கிறது. மச்சான் வீட்டு முன்வாசலில் விடுகிறவன், கராஜ் வாடகைக்கு எடுக்கிறவன், இவர்களையும் யோசியுங்கள்.

ஹரோவிலிருந்து

* * *

> வளவு

சென்னையில் இதைக் கேட்டால் யாருக்கும் புரியாது, எங்களுக்குக் காம்பவுண்டுதான். ஆனால் படிக்கப் போகிறவர்கள் நாங்கள் இல்லையே, சரி. கிடப்பை விட்டதில் எனக்கு இன்னும் வருத்தம்தான், பதிவு செய்துகொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து

* * *

அக்காவின் வருத்தம் பதிவாயிற்று.

அண்ணா, வளவு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, மச்சான் வளவும் வளவுதான், மச்சான் சம்மதித்தால். துண்டறிக்கையில் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். சொல்லைச் சோதிக்கிற ஒரே வழி அதை வாக்கியத்தில் ஓட்டிப் பார்ப்பது, அதனால் வரைவை அப்படியே கீழே போடுகிறேன், எங்கே தடுக்குகிறது என்று சொல்லுங்கள்.

"கொஞ்ச நாள் ஊருக்குப் போகிறீர்கள், அல்லது கார் பழுதாகிக் கிடக்கிறது என்றால், வரி கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. வளவிருப்பில் வைப்பதாக டி.வி.எல்.ஏ.வுக்குத் தெரிவிக்கலாம். வரி கட்டாத காருக்கு இது கட்டாயம். பதிவுப் புத்தகமான வி5சியில் இருக்கும் 11 இலக்க எண்ணைக் கொடுத்தால் உடனே நடைமுறைக்கு வரும். வரி முடியப்போகிறது என்று வரும் நினைவூட்டல் கடிதத்தின் 16 இலக்க எண்ணைக் கொடுத்தால் வரி முடிந்த பிறகுதான் வரும். மீதி வரி, முழு மாதங்களுக்கு மட்டும், தானாகத் திரும்பி வரும். அதனால் மாதம் பிறந்து மூன்றாம் தேதி தெரிவித்தால் அந்த மாதக் காசு போனதுதான். வளவிருப்பில் இருக்கும் காருக்கு இன்சூரன்ஸோ எம்.ஓ.டி.யோ கட்டாயம் இல்லை. தெரிவிக்காமல் இன்சூரன்ஸை மட்டும் நிறுத்தினால் 100 பவுண்டு தனி அபராதம். வளவு உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஆனால் நடைபாதையும் தெருவோரமும் வளவு அல்ல. வளவிருப்பில் இருக்கும் காரை வாங்கினால், அது உங்கள் பேருக்கு மாறாது. வாங்கிய அன்றே நீங்கள் தெரிவியுங்கள்."

கடைசி வரியை மட்டும் தடித்த எழுத்தில் போடப் போகிறேன், என் 40 பவுண்டு ஞாபகமாக. கேலி செய்தாலும் பரவாயில்லை.

40 வருடத்துக்கு மேலான பழைய கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், எனக்கு வரியே கிடையாதே, இது எனக்கும் உண்டா என்று கேட்டார். உண்டு. வரி பூஜ்யம் என்றாலும் அந்தப் பூஜ்யத்துக்கும் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் வளவிருப்பில் வைக்க வேண்டும். அதைத் துண்டறிக்கையில் சேர்க்க இடமில்லை.

இனி அடுத்த தலைவலி. வி5சியில் பேர் இருக்கிறவர் காரின் சொந்தக்காரர் என்று அர்த்தம் இல்லை, அந்தப் புத்தகத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. அபராதம், கடிதம் எல்லாம் வருவது "ரெஜிஸ்டர்ட் கீப்பர்" என்ற அந்த ஆளுக்குத்தான். உரிமையாளர் என்று போட முடியாது, பதிவாளர் என்றால் கல்யாணப் பதிவு ஆபீஸ் ஆகிவிடும். இப்போதைக்குப் "பதிவுப் பொறுப்பாளர்" என்று வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் யாருக்காவது இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.

ஈஸ்ட்ஹாமிலிருந்து