பயண உமிழ்வைக் கணக்கிடும் இலவசக் கால்குலேட்டர்கள்: உங்கள் அனுபவம் எப்படி?

அலுவலகத்தின் ஆண்டு அறிக்கைக்காக, பணியாளர்களின் பயணங்களால் எவ்வளவு பசுமை இல்ல வாயு வெளியாகிறது என்று கணக்கெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. காசு கொடுத்து மென்பொருள் வாங்கும் அளவுக்கு எங்களுடையது பெரிய நிறுவனம் இல்லை. சரி, இணையத்தில்தான் இலவசக் கால்குலேட்டர்கள் கொட்டிக் கிடக்கின்றனவே என்று இறங்கினேன். புறப்படும் ஊர், சேரும் ஊர், எந்த வகுப்பு, ஒருவழியா இருவழியா. கேட்பது இவ்வளவுதான். உடனே விடை வந்துவிடுகிறது.

அதே பயணத்தை இன்னொரு தளத்தில் போட்டுப் பார்த்ததும்தான் தலைவலி ஆரம்பித்தது. ஒன்று சொல்வதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கை இன்னொன்று சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் வேறொன்று. எதை அறிக்கையில் போடுவது?

கணக்கிடும் முறையை விளக்கும் பக்கங்களைத் தேடிப் படித்த பிறகு கொஞ்சம் பிடிபட்டது. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் கால்குலேட்டர், எரிபொருள் எரிவதால் வரும் கார்பன் டை ஆக்சைடை மட்டும் எண்ணுகிறது. ஒரு கிலோ விமான எரிபொருளுக்கு 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பது அதன் அடிப்படை. ஜெர்மனியின் அட்மாஸ்ஃபேர் போன்றவை அதோடு நிற்பதில்லை. உயரத்தில் பறக்கும்போது வெளியாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள், விமானத்துக்குப் பின்னால் நீளும் வெண்கோடுகள், அவை பரவி உண்டாகும் மெல்லிய மேகங்கள் எல்லாவற்றின் வெப்பமூட்டும் விளைவையும் சேர்த்துக்கொள்கின்றன. 2021-ல் வெளியான, பலரும் மேற்கோள் காட்டும் ஓர் ஆய்வு, விமானப் போக்குவரத்து பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் என்கிறது. மீதி இந்த மற்ற விளைவுகள். அந்த மீதியைத் துல்லியமாக அளப்பது கடினம் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அதனால்தான் சிலர் சேர்க்கிறார்கள், சிலர் விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்? எங்கே இடறினீர்கள்? இந்த இழையிலேயே கீழே பதில் எழுதுங்கள்.

* * *

இந்தச் சேர்ப்பு, விடுப்பு விவகாரம் தனியார் தளங்களோடு முடிவதில்லை. கூகுள் ஃபிளைட்ஸ் காட்டும் உமிழ்வு எண்ணிலும் முன்பு கார்பன் அல்லாத விளைவுகள் சேர்ந்திருந்தன. 2022-ல் அவற்றை எடுத்துவிட்டார்கள். பயணம் அதேதான், விமானமும் அதேதான், எண் மட்டும் வெகுவாக இறங்கியது. ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாக அந்த விளைவைச் சொல்வது நம்பகமாக இல்லை என்பது அவர்கள் தரப்பு வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் 'சரியாக அளக்க முடியவில்லை' என்பதும் 'பூஜ்ஜியம்' என்பதும் ஒன்றாகிவிடுமா? எனக்கு ஒப்பவில்லை.

* * *

எனக்குக் கிடைத்த அதிர்ச்சி வேறு இடத்தில். வகுப்பு என்ற பெட்டியில் எகானமிக்குப் பதிலாக பிசினஸ் என்று மாற்றிப் பார்த்தேன். நீண்ட தூரப் பயணத்தில் எண் கிட்டத்தட்ட மூன்று மடங்காகத் தாவியது!

பிரிட்டன் அரசு, நிறுவனங்களின் கணக்குக்காக ஆண்டுதோறும் உமிழ்வுக் காரணிகளை, அதாவது கிலோமீட்டருக்கு எவ்வளவு உமிழ்வு என்பது போன்ற பெருக்கும் எண்களை, வெளியிடுகிறது. அவற்றில், நீண்ட தூர விமானங்களுக்கு எகானமி 1 என்றால் பிரீமியம் எகானமி 1.6, பிசினஸ் 2.9, ஃபர்ஸ்ட் கிளாஸ் 4. பல இலவசக் கால்குலேட்டர்கள் உள்ளுக்குள் இந்தக் காரணிகளைத்தான் எடுத்து ஓட்டுகின்றன. கணக்கின் தர்க்கம் எளிது. விமானத்தின் தரைப்பரப்பை யார் எவ்வளவு அடைத்துக்கொள்கிறார்களோ அந்த விகிதத்தில் எரிபொருளும் அவர்கள் பேரில் எழுதப்படும். கால் நீட்டிப் படுக்கும் இருக்கை இருக்கும் இடத்தில் சாதாரண இருக்கைகள் மூன்று போட்டிருக்கலாம் அல்லவா? ஐசிஏஓ இதில் கொஞ்சம் தாராளம். அது நெடுங்காலம் வைத்திருந்த முறையில், 3,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் உயர் வகுப்புக்கு இரு மடங்கு, அதற்குக் குறைந்த தூரத்தில் எல்லாருக்கும் ஒரே அளவு.

இதை மேலாளரிடம் காட்டியபோது அவர் கேட்ட கேள்வி: "விமானம் எப்படியும் பறக்கத்தானே போகிறது? நான் முன்னால் உட்கார்ந்தால் என்ன, பின்னால் உட்கார்ந்தால் என்ன?" அந்த நேரத்தில் பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கே யாராவது சொல்லுங்கள்.

* * *

அப்படிக் கேட்பவர்களிடம் நான் சொல்வது இது. கால்குலேட்டர் தருவது பங்குக் கணக்கு. விமானம் எரித்த மொத்த எரிபொருளை அதில் போனவர்களுக்கும் சரக்குக்கும் பிரித்து எழுதுகிறது. 'நீங்கள் ஏறாவிட்டால் இவ்வளவு மிச்சமாகியிருக்கும்' என்று அது எங்கேயும் சொல்லவில்லை. இன்றைய ஒரு இருக்கைக்காக விமானம் நிற்காதுதான். ஆனால் எந்தத் தடத்தில் எத்தனை விமானம் விடுவது, எவ்வளவு பெரிய விமானம் விடுவது, உள்ளே எத்தனை பிசினஸ் இருக்கை போடுவது என்பதையெல்லாம் விற்ற டிக்கெட்டைப் பார்த்துத்தானே முடிவு செய்கிறார்கள்? மேலாளரிடம் இந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.

* * *

கார் பயணத்துக்குக் கால்குலேட்டரே வேண்டாம் என்பது என் கட்சி. எரிபொருள் ரசீது இருந்தால் போதும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, டீசலுக்குச் சுமார் 2.7 கிலோ. பெருக்கிக்கொள்ளுங்கள். கால்குலேட்டரிடம் போனால் 'நடுத்தரக் கார்' என்று ஒரு சராசரியை அது தானாக வைத்துக்கொள்ளும்.

ஒன்றைக் கவனியுங்கள்: கார் எண் வண்டிக்கு, ரயில், பேருந்து எண்கள் ஆளுக்கு. நான்கு பேர் போன காரை அப்படியே ஒரு ரயில் பயணியோடு ஒப்பிட்டு ஆச்சரியப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நான்கால் வகுத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

* * *

ஒரு கருத்தரங்கின் ஏற்பாட்டுக் குழுவில் இருந்தபோது இதில் ஆழமாக இறங்க வேண்டிவந்தது. பங்கேற்பாளர்கள் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், எதில் வருகிறார்கள் என்று பதிவுப் படிவத்திலேயே இரண்டு கேள்விகளைச் சேர்த்தோம். பேர், முகவரி எதுவும் கணக்குக்குத் தேவையில்லை, ஊர் மட்டும் போதும். அதைத் தனியே பிரித்தெடுத்துக்கொண்டோம்.

வந்த விடையைப் பார்த்தபோது குழுவே கொஞ்ச நேரம் பேசவில்லை. அரங்கத்து மின்சாரம், அச்சிட்ட தாள், பிளாஸ்டிக் பாட்டில் என்று ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் பேசிக்கொண்டிருந்தோம். நெடுந்தூரத்திலிருந்து பறந்து வந்த சிறு கூட்டத்தின் பயணத்துக்கு முன்னால் அதெல்லாம் ஓரத்தில் ஒதுங்கிவிட்டது. அப்புறம் ஒரு பரிசோதனை செய்தோம். பங்கேற்பாளர் பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு, நடக்கும் ஊரை மட்டும் மாற்றி மாற்றிக் கணக்கிட்டோம். ஊர் மாறினாலே மொத்தம் கணிசமாக ஏறி இறங்குகிறது. இலவசக் கால்குலேட்டரால் கிடைத்த உருப்படியான பயன் என்று நான் சொல்வது இதைத்தான். நடந்து முடிந்ததற்கு எண் போடுவதைவிட, அடுத்ததை எங்கே வைப்பது, யாரைக் காணொளியில் பேசச் சொல்வது என்று முன்கூட்டியே யோசிக்க அது உதவியது.

நடைமுறைச் சிரமம் ஒன்று உண்டு. பெரும்பாலான இலவசத் தளங்கள் ஒரு நேரத்தில் ஒரு பயணத்தைத்தான் ஏற்கும். பெரிய பட்டியலை உட்கார்ந்து தட்டுவது பொறுமையைச் சோதிக்கும். நிரல் எழுதத் தெரிந்தவர் குழுவில் இருந்தால் விமான உமிழ்வைக் கணக்கிடும் கூகுளின் டிராவல் இம்பாக்ட் மாடலை ஏபிஐ (ஒரு நிரல் இன்னொன்றிடம் நேரடியாகத் தரவு கேட்கும் வசதி) வழியாக இலவசமாகவே கேட்கலாம். அது விமான வகை, இருக்கை அமைப்பு வரை பார்த்துக் கணக்கிடுகிறது. நிரல் எல்லாம் வேண்டாம் என்றால் விரிதாளில் தூரத்தையும் காரணியையும் பெருக்குவதே மேல்.

தூரம் என்றதும் ஞாபகம் வருகிறது. வரைபடத்தில் கிடைக்கும் நேர்த்தூரத்தை அப்படியே போடாதீர்கள். விமானங்கள் சுற்றும், காத்திருக்கும். ஐசிஏஓ முறையில் 550 கிலோமீட்டருக்குள் என்றால் 50 கிலோமீட்டர், 5,500 வரை 100, அதற்கு மேல் 125 கூட்டிக்கொள்கிறார்கள். பிரிட்டன் முறையில் எல்லாவற்றுக்கும் 8 சதவீதம். இடையில் இறங்கி மாறும் பயணமாக இருந்தால் ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகப் போடுங்கள். சுற்றுவழித் தூரம் ஒரு பக்கம், மேலெழும்பும்போது எரியும் கூடுதல் எரிபொருள் இன்னொரு பக்கம். புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் மட்டும் கொடுத்தால் இரண்டுமே கணக்கில் வராது.

* * *

ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பியப் பயணங்களுக்கு ஈகோபாசஞ்சர் என்ற தளத்தில் ரயில், கார், விமானம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மின்சார ரயில் என்றால் அந்த மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதே கதை. பிரான்ஸைப் போல அணுமின்சாரம் மிகுந்த நாட்டில் ரயிலின் எண் மிகச் சிறியது. நிலக்கரியை நம்பும் நாட்டில் அதே மாதிரி ரயிலுக்கு எண் பல மடங்கு ஏறும். ஒரே ஒரு உலகச் சராசரியை வைத்துக்கொண்டு எல்லா ரயிலுக்கும் விடை சொல்லும் கால்குலேட்டர்களை நான் ரயிலுக்குப் பயன்படுத்துவதில்லை.

மின்சாரக் காருக்குப் பூஜ்ஜியம் காட்டும் தளங்களும் இருக்கின்றன. வண்டியின் புகைக்குழாயில் வருவதை மட்டும் எண்ணினால் பூஜ்ஜியம்தான், பொய் இல்லை. எரிபொருளை எடுத்து, சுத்திகரித்து, கொண்டுவந்து சேர்ப்பதுவரை எண்ணினால் எல்லா எண்ணும் மாறும். விமான எரிபொருளுக்கு மேலே சொன்ன 3.16 கூட, உற்பத்திக் கட்டத்தையும் சேர்த்தால் 3.84 ஆகிவிடுகிறது. போக்குவரத்து உமிழ்வைக் கணக்கிடுவதற்கென்று 2023-ல் வந்த ஐஎஸ்ஓ 14083 என்ற பன்னாட்டுத் தரம் இப்படி முழுச் சங்கிலியையும் எண்ணச் சொல்கிறது.

* * *

விடைக்குக் கீழே 'இப்போதே ஈடுசெய்யுங்கள்' என்று ஒரு பட்டன் மின்னுகிறதே (நம் உமிழ்வுக்கு ஈடாக வேறிடத்தில் உமிழ்வைக் குறைக்கும் திட்டத்துக்குக் காசு கட்டச் சொல்வது), அதை யாரும் சொல்லவில்லை? நான் பயன்படுத்திய ஒரு தளத்தில் எண்ணைவிடப் பட்டன்தான் பெரியது. எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற பக்கத்தைக் கண்டுபிடிக்கத் தேட வேண்டியிருந்தது. ஈடுசெய்வது தவறு என்று சொல்லவரவில்லை. ஆனால் விற்பவரே எடை போடும் இடத்தில் தராசை ஒரு முறை உற்றுப் பார்ப்பது நல்லது. கார்பன் தடம் என்ற பேச்சையே பரவலாக்கியதில் பிபி எண்ணெய் நிறுவனம் 2000-களின் நடுவில் நடத்திய விளம்பரங்களுக்கும் அவர்கள் வெளியிட்ட கால்குலேட்டருக்கும் பங்குண்டு என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன்.

* * *

இழையைத் தொடங்கியவன்தான். எல்லாருக்கும் நன்றி. நான் எடுத்த முடிவு: பிரிட்டன் அரசின் காரணிகளை எடுத்து விரிதாளில் நானே பெருக்கிக்கொண்டேன். கார்பன் டை ஆக்சைடு மட்டும் ஒரு வரி, மற்ற விளைவுகளையும் சேர்த்து இன்னொரு வரி. எந்த ஆண்டின் காரணி என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். அந்த ஆண்டு ஏன் முக்கியம் என்றால், கார்பன் அல்லாத விளைவுகளுக்கான பெருக்கியை அவர்கள் 2023-ல் 1.9-லிருந்து 1.7 ஆக்கினார்கள். போன வருடத்தைப் பழைய காரணியிலும் இந்த வருடத்தைப் புதிய காரணியிலும் போட்டால், ஒரு பயணம்கூடக் குறையாமல் 'சாதனை' காட்டிவிடலாம். அதனால் பழைய ஆண்டையும் புதிய காரணியில் மறுபடி கணக்கிட்டேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. சிலர் படகில் கடல் கடந்து போயிருக்கிறார்கள். அதை எப்படிப் போடுவது?

* * *

அதே பிரிட்டன் பட்டியலில் படகுக்கு இரண்டு வரி இருக்கும், பாருங்கள். வெறுமனே ஏறியவருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 19 கிராம், காரோடு ஏறியவருக்குச் சுமார் 130 கிராம். காரும் அது நிற்கும் தளமும் அவர் கணக்கில் வருவதால் இந்த ஏழு மடங்கு. போனவர்களிடம் வண்டி கொண்டுபோனார்களா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். பல இலவசத் தளங்களில் படகு என்ற தெரிவே இல்லை, விரிதாளுக்கு மாறியது நல்லதாகப் போயிற்று.