எக்செல்ல ஆரோ கீ வேலை செய்யல, உடனே உதவி வேணும்

பில்கவுண்டர்:
ஆரோ கீ அழுத்தினா செல் நகர மாட்டேங்குது. காலைல இருந்து இப்படித்தான். மதியத்துக்குள்ள ஸ்டாக் ஷீட்டை ஆடிட்டருக்கு அனுப்பணும். ரீஸ்டார்ட்டும் பண்ணியாச்சு. சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

தட்டச்சன்:
லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? ஆரோ அழுத்தும்போது என்ன நடக்குது? ஒண்ணுமே நடக்கலையா, ஷீட் மட்டும் ஓடுதா, இல்ல செலக்‌ஷன் நீண்டுகிட்டே போகுதா? மூணுக்கும் காரணம் வேற.

கருப்புத்திரை:
கீபோர்டு டிரைவர்தான் ப்ரோ, சந்தேகமே வேண்டாம். டிவைஸ் மேனேஜர் போய் கீபோர்டை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. விண்டோஸ் தானே திரும்பப் போட்டுக்கும்.

ஒற்றெழுத்து:
தலைப்பில் 'உடனே' என்று போட்டால் மட்டும் பதில் வந்துவிடாது. என்ன கணினி, எந்த எக்செல், எதை அழுத்தினால் என்ன ஆகிறது என்று எழுதிவிட்டுத்தான் கேட்க வேண்டும். இதை எத்தனை முறை சொல்வது? கருப்புத்திரை, விவரமே தெரியாமல் டிரைவரில் கை வைக்கச் சொல்லாதீர்கள். நோட்பேடில் நாலு வரி அடித்து ஆரோ கீயால் மேலும் கீழும் போகச் சொல்லுங்கள். அங்கே கர்சர் நகர்ந்தால் கீபோர்டிலும் பழுதில்லை, டிரைவரிலும் பழுதில்லை.

பில்கவுண்டர்:
டெஸ்க்டாப் சார். நோட்பேடுல நல்லா ஓடுது. எக்செல்லதான் ஷீட் மேல கீழ போகுது, பச்சைக் கட்டம் அங்கேயே நிக்குது. ரீஸ்டார்ட் பண்ணா சரியாகுது, அரை மணி நேரத்துல மறுபடி வந்துடுது.

தட்டச்சன்:
அப்ப ஸ்க்ரோல் லாக் ஆன்ல இருக்கு, அதாவது ஆரோ அழுத்தினா செல்லுக்குப் பதிலா ஷீட்டை ஓட்டற கீ. எக்செல் ஜன்னலோட அடிப்பட்டையில இடது பக்கம் 'ஸ்க்ரோல் லாக்'னு எழுதியிருக்கும். இல்லைன்னா அந்தப் பட்டையில ரைட் கிளிக் பண்ணி, வர்ற பட்டியல்ல ஸ்க்ரோல் லாக்கை டிக் பண்ணுங்க.

இன்னொரு சோதனை: என்டர் அழுத்துங்க. ஸ்க்ரோல் லாக் ஆன்ல இருந்தாலும் என்டரும் டேபும் கட்டத்தை நகர்த்தும், ஆரோ நகர்த்தாது.

கீபோர்டுல மேல் வரிசையில பிரின்ட் ஸ்க்ரீனுக்கும் பாஸுக்கும் (Pause) நடுவுல இருக்கற ஸ்க்ரோல் லாக் கீயை ஒரு தடவை அழுத்துங்க. அந்தக் கீ இல்லாத லேப்டாப்காரங்க விண்டோஸ் + கன்ட்ரோல் + ஓ அழுத்தினா திரையில கீபோர்டு வரும், அதுல வலது ஓரத்துல இருக்கு. டாஸ்க்பாரிலிருந்து வர்ற டச் கீபோர்டு வேற, அதுல தேடாதீங்க.

ஒண்ணு ரொம்ப முக்கியம். ஷீட் ஓடிட்டதால கண்ணுக்கு முன்னாடி 200-வது வரி தெரியும், செல் 12-வது வரியிலயே நிக்கும். அப்ப நம்பர் தட்டினா அது 12-வது வரிலதான் விழும், பழைய எண் போயிடும். கன்ட்ரோல் + பேக்ஸ்பேஸ் அழுத்தினா செல் எங்க நிக்குதோ அங்க திரை திரும்பி வரும். காலைல இருந்து அடிச்சதை ஒரு தடவை சரிபாருங்க.

நெல்மூட்டை:
ஃப்ரீஸ் பேன்ஸ் போட்டிருந்தாலும் இப்படி வரும்னு நினைக்கிறேன். வியூ டேப்ல எடுத்துவிட்டுப் பாருங்க.

தட்டச்சன்:
இல்லீங்க. ஃப்ரீஸ் பண்ணா மேல் வரி நகராம நிக்கும், ஆனா ஆரோவுக்கு செல் போய்க்கிட்டேதான் இருக்கும். செலக்‌ஷன் நீண்டுகிட்டே போச்சுன்னா அது எஃப்8. மறுபடி எஃப்8 இல்ல எஸ்கேப் அழுத்தினா போயிடும்.

நெல்மூட்டை:
சரி. பெரிய ஸ்டாக் ஷீட்டுக்கு ஆரோவே எதுக்கு? கன்ட்ரோல் + எண்ட் அழுத்தினா கடைசி வரி.

ஒற்றெழுத்து:
தவறு. கன்ட்ரோல் + எண்ட், எக்செல் கணக்கில் கடைசியாகப் பயன்பட்ட செல்லுக்குப் போகும். 5000-வது வரி வரை கலரோ பார்டரோ போட்டிருந்தால், தரவு 800-ல் முடிந்தாலும் 5000-க்குத்தான் போய் நிற்கும்.

நெல்மூட்டை:
அப்ப கன்ட்ரோல் + கீழ் ஆரோ.

ஒற்றெழுத்து:
அதுவும் நடுவில் காலி செல் வந்தால் அங்கேயே நின்றுவிடும். ஃபார்முலா பட்டைக்கு இடப்பக்கம் இருக்கும் நேம் பாக்ஸில் ஏ1048576 என்று, ஏ-வை ஆங்கில எழுத்தாகவே அடித்து என்டர் தட்டுங்கள். அதுதான் ஷீட்டின் கடைசி வரி. அங்கிருந்து கன்ட்ரோல் + மேல் ஆரோ. பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு என்றால் 65536.

நெல்மூட்டை:
தினமும் ஏழு இலக்கம் அடிக்கறதுக்கு, கீழ இருக்கற வெத்து வரிகளை மொத்தமா செலக்ட் பண்ணி கன்ட்ரோல் + மைனஸ்ல டெலீட் பண்ணிட்டு சேவ் பண்ணலாம். அப்புறம் கன்ட்ரோல் + எண்ட் சரியான இடத்துக்குப் போகும். வெறும் டெலீட் கீ அழுத்தினா கலரும் பார்டரும் அப்படியே இருக்கும், பிரயோஜனமில்ல.

கருப்புத்திரை:
அதெல்லாம் இருக்கட்டும், அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏன் தானா ஆன் ஆகுதுன்னு யாருமே சொல்லலையே?

தட்டச்சன்:
நல்ல கேள்வி. பில்கவுண்டர், ஒரே கீபோர்டு, மானிட்டரை ரெண்டு சிபியுவுக்கு மாத்தி மாத்தி வச்சிருக்கீங்களா? நடுவுல சின்னப் பெட்டி ஏதாவது இருக்கா? அந்தப் பெட்டிக்கு கேவிஎம் ஸ்விட்ச்னு பேர். பல கேவிஎம் ஸ்விட்ச்ல ஸ்க்ரோல் லாக்கை அடுத்தடுத்து ரெண்டு தடவை அழுத்தினாத்தான் அடுத்த கம்ப்யூட்டர் வரும். சில பெட்டிகள்ல முதல் அழுத்தல் இந்தக் கம்ப்யூட்டருக்கும் போயிடும், ரெண்டாவது போகாது. லாக் ஆன்லயே நின்னுடும்.

பில்கவுண்டர்:
ஆமா சார், பில்லிங்குக்கு ஒண்ணு, ஆபீஸ் வேலைக்கு ஒண்ணு. பெட்டி இருக்கு. கீ அழுத்தினேன், சரியாயிடுச்சு. நன்றி.

தட்டச்சன்:
இனிமே பெட்டி மேல இருக்கற பட்டன்ல மாத்துங்க. சில மாடல்ல ஹாட்கீயை கன்ட்ரோல் ரெண்டு தடவைன்னு மாத்திக்கலாம், கூட வந்த தாள்ல போட்டிருக்கும். 12-வது வரி மாதிரி எங்கயாவது எண் மாறிப் போயிருக்கான்னு பார்த்தீங்களா? அனுப்பறதுக்கு முன்னாடி நேத்து சேவ் பண்ண காப்பியோட மொத்தத்தை ஒப்பிட்டுப் பாருங்க.

கருப்புத்திரை:
அவர் அனுப்பிட்டார் போல, ஆளைக் காணோம். என்கிட்ட இருக்கற பெட்டியில பட்டனே இல்ல, வெறும் கேபிள்தான். அதுக்கு என்ன வழி?