சிப்ளிங் ஸ்பீசிஸ்: மயங்கினமா, உடன்பிறப்பா?

வணக்கம். எட்டாம் வகுப்புப் பாடம் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் கிழக்கு மெடோலார்க், மேற்கு மெடோலார்க் என்ற இரு பறவைகளைப் பற்றியது. இரண்டுக்கும் மஞ்சள் நெஞ்சு, குறுக்கே கறுப்பு வடு ஆங்கில ‘வி’ மாதிரி. மேற்கத்தியதற்கு மட்டும் தொண்டை மஞ்சள் கன்னத்தில் கொஞ்சம் ஏறியிருக்குமாம். படங்களை அருகருகே வைத்துப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. வாயைத் திறந்தால்தான் குட்டு வெளிப்படும்: கிழக்கு நீட்டி இழுத்துச் சீட்டியடிக்கும், மேற்கு குழல் ஊதுவதுபோல் குழைந்து உருட்டும். 1844இல் மேற்கத்தியதற்குப் பெயரிட்ட பறவையியலாளர் ஆடுபான், இத்தனை நாள் யாரும் கண்டுகொள்ளவில்லையே என்று ‘நெக்லெக்டா’ என்றே வைத்துவிட்டார். இப்படிப்பட்ட ஜோடிக்குச் சிப்ளிங் ஸ்பீசிஸ் என்று பெயர். மெடோலார்க்குக்கு ‘புல்வெளி வானம்பாடி’, சிப்ளிங் ஸ்பீசிஸுக்கு ‘மயங்கினம்’ (மயங்கு + இனம்) என்று போட்டிருக்கிறேன். சரியா?

---

> மயங்கினம்

தம்பி, சங்கப் பாட்டில் ஒரு திணைக்குரியது இன்னொன்றோடு கலந்து வரும் திணைமயக்கத்தை நினைத்துப் போட்டிருப்பீர்கள், அழகுதான். ஆனால் ‘அம்’ தன்மைப் பன்மை விகுதி ஆயிற்றே. ‘நாங்கள் மயங்கினோம்’ என்றல்லவா பொருள்படும்! வானம்பாடியும் கூடாது. பட்டினப்பாலையில் ‘தற்பாடிய தளியுணவின் புள்’ என்று வருவது வானத்தைப் பாடி மழைத்துளி உண்ணும் பறவை. உங்களுடையது பெரும்பாலும் வேலிக்கம்பத்தில் உட்கார்ந்து பாடுவது, குடும்பமே வேறு. புல் + பாடி = புற்பாடி. மற்றதற்கு உடன்பிறப்புச் சிற்றினம். ‘சகோதர’ வேண்டாம்; அதுவும் ‘ஒரே வயிறு’தான், ஆனால் வடமொழி வயிறு.

---

ஐயா, புற்பாடியை என் வகுப்பில் பற்பொடி என்றுதான் படிப்பார்கள். உடன்பிறப்பு என்றாலோ கலைஞர் கடிதம்தான் நினைவுக்கு வரும். மெடோலார்க் என்றே விடுங்கள், குடி முழுகாது.

---

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குரல். ‘நாங்கள் போனம்’ என்று இன்றும் பேசுகிற எங்களுக்கு மயங்கினம் சிரிப்புத்தான். அப்புறம், எங்கள் பாடநூலில் ஸ்பீசிஸ் என்றால் இனம். சிற்றினம் என்பது ஏதோ உட்பிரிவுபோல் ஒலிக்கிறது. ஜீனஸுக்கு, அதாவது உங்கள் பேரினத்துக்கு, நாங்கள் சாதி என்போம், அதை உங்கள் ஊர் வகுப்பில் சொல்லிப் பாருங்கள்! ‘இரட்டை இனம்’ எப்படி?

---

இரட்டையா? 2022இல் கிழக்கிலிருந்து சிவாவா மெடோலார்க்கைத் தனியாகப் பிரித்துவிட்டார்களே, மூன்றாவதை எங்கே வைப்பது?

---

மூன்று பேர் ‘ஒத்த சிற்றினம்’ போதும் என்று தனிமடலில் எழுதினார்கள். அதையே போட்டு, மெடோலார்க்கை மெடோலார்க்காக விட்டு அனுப்பிவிட்டேன். நன்றி.

---

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். எல்லாக் குருவியும் ஒன்றுக்கொன்று ஒத்ததுதான், தம்பி. போகட்டும், கிழக்கு, மேற்கு என்று ஏன் விட்டீர்கள்? குணக்கு, குடக்கு இருக்கிறதே?