பிரெக்ஸிற்றுக்குத் தமிழ் என்ன? சனிக்கிழமைக்குள் வேண்டும்

இலண்டன் ரீச்சர், 2019 மார்ச் 25, திங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வரும் 30ஆம் திகதி பட்டிமன்றம். 29ஆம் திகதி இரவு 11 மணிக்குப் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போய்விடும், மறுநாள் காலையில் 'போனது சரியா, பிழையா' என்று பிள்ளைகள் கதைக்கட்டும் என்று தை மாதமே நாள் குறித்து மண்டபமும் எடுத்துவிட்டோம். இப்போது ஏப்ரல் 12 என்கிறார்கள், ஒப்பந்தம் நிறைவேறினால் மே 22 என்கிறார்கள். நாடு போகவில்லை, பட்டிமன்றம் மட்டும் சொன்ன நாளில் நடக்கப்போகிறது.

எனக்கு வேண்டியது சொற்கள். நாடு இப்படிப் போவதற்கு பிரெக்ஸிற், போவோம் என்பவர்களுக்கு லீவ், இருப்போம் என்பவர்களுக்கு ரிமெய்ன், அயர்லாந்து எல்லை ஏற்பாட்டுக்கு பேக்ஸ்ரொப், போவதற்கான ஒப்பந்தத்துக்கு வித்ட்ரோவல் அக்ரிமென்ற். கடைசியை இணைய மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன், வங்கியில் பணம் எடுக்கிற உடன்படிக்கை போல ஏதோ வந்தது. பிரெக்ஸிற்றுக்கு 'பிரித்தானிய வெளியேற்றம்' என்று நானே பலகையில் எழுதினேன். முன் வாங்கில் இருந்த பிள்ளை கையைத் தூக்கி, "ரீச்சர், அவையள வெளியேத்தினது ஆர்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

கோவை ஐயா, மார்ச் 25

ஆசிரியை அவர்களுக்கு, அந்தப் பிள்ளை கேட்டது நல்ல இலக்கணக் கேள்வி. ஏறு, ஏற்றம், மாறு, மாற்றம், அதே வழியில் வெளியேறு, வெளியேற்றம். தானாகப் போவதற்கும் அந்த உருவம் பொருந்தும், பிறரைப் போகச் செய்வதற்கும் பொருந்தும். பிள்ளையின் காதில் பிறவினை விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஐயம் வேண்டாமென்றால் 'வெளியேறல்' என்று போடுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. நீங்கள் 'பிரெக்ஸிற்' என்கிறீர்கள், இங்கே நாளிதழ்கள் 'பிரெக்ஸிட்' என்கின்றன. றகர மெய்யும் டகர மெய்யும் சொல்லுக்கு ஈறாக வாரா. ஸகரத்தைச் சகரமாக்கி 'பிரெக்சிட்' என்று எழுதினாலும் ககர மெய்க்குப் பின் ககரம்தான் வரும், சகரம் வராது. டகர மெய்யை அடுத்துச் சகரம் வரும்: ஆட்சி, காட்சி, மாட்சி. ஆகவே முறைப்படி எழுதினால் 'பிரெட்சிட்டு'. லட்சுமி என்று எழுதக் கூசாதவர்கள் இதற்கும் கூச வேண்டியதில்லை. இலக்குமி வழிதான் வேண்டுமென்றால் 'பிரெக்கிட்டு'.

சென்னை உதவி ஆசிரியர், மார்ச் 26

ஐயா, பிரெட்சிட்டு என்று தலைப்பு வைத்தால் புதுசாக ஏதோ பிஸ்கட் வந்திருக்கிறது என்று நினைப்பார்கள். நான் நாளிதழ் ஒன்றில் வெளிநாட்டுப் பக்கம் பார்க்கிறவன். 2016 ஜூன் 24 காலை, நம்ம ஊர் நேரம் ஒன்பது மணி வாக்கில், வாக்கெடுப்பில் 52க்கு 48 என்று லீவ் பக்கம் வெல்வது தெரிந்தபோது இணையப் பதிப்புக்கு நான்தான் தலைப்பு எழுதினேன். அன்றைக்கு 'பிரெக்ஸிட்' என்றால் விளக்கம் போட வேண்டியிருந்தது. மூன்று வருஷமாகத் தினமும் எழுதி எழுதி இப்போது டீக்கடையில் பேப்பர் படிப்பவருக்கும் தெரியும். தெரிந்த சொல்லைப் பிடுங்கிக்கொண்டு தெரியாத சொல்லைக் கையில் கொடுப்பது என்ன தொண்டு என்று எனக்குப் புரியவில்லை. 2004க்குப் பிறகு ஆழிப்பேரலையும் இருக்கிறது, சுனாமியும் இருக்கிறது. எது நிலைக்கிறதோ நிலைக்கட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள்: 'இங்கிலாந்து விலகல்' என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். ஸ்காட்லாந்தில் 62 சதவீதம், வடக்கு அயர்லாந்தில் 55.8 சதவீதம் இருப்போம் என்றுதான் வாக்களித்தார்கள். சண்டையில் பாதி அதுதான். அப்புறம், தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு 'ஒன்றியம்' என்றால் பிடிஓ ஆபீஸ்தான் ஞாபகம் வரும், அது தனிக் கதை.

மன்னார்க்காரன், பர்மிங்ஹாம், மார்ச் 26

வெளியேற்றம் தன்வினையோ பிறவினையோ, எனக்குத் தெரியாது ஐயா. 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது எனக்கு ஒன்பது வயது. புத்தளத்தில் வளர்ந்தேன். எங்கள் வீட்டில் 'வெளியேற்றத்துக்கு முதல்', 'வெளியேற்றத்துக்குப் பிறகு' என்றுதான் ஆண்டு கணக்கு, உம்மா என் தம்பியின் வயதைக் கூட அப்படித்தான் சொல்லுவா. வாக்குப் போட்டு, இரண்டு வருஷம் அவகாசம் எடுத்து, அதுவும் போதாமல் இன்னும் அவகாசம் கேட்கிற ஒரு நாட்டுக்கு அந்தச் சொல்லைக் கொடுக்காதீர்கள். விலகல் என்று போடுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

ரொறன்ரோ அன்பர், மார்ச் 26, இரவு

மன்னார் அன்பர் சொன்னதோடு 'வெளியேற்றம்' முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஏன் எல்லோரும் புதுச்சொல் தேடுகிறோம்? பிரிதலுக்கென்று ஒரு திணையே வைத்திருக்கிறவர்கள் நாம். 1973 ஜனவரி 1 அன்று ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது குறிஞ்சி. 1975இல் வாக்கெடுப்பு வைத்து 67 சதவீதம் பேர் இருப்போம் என்றார்களே, அது முல்லை, இருத்தல். பிறகு இருபது முப்பது வருஷம் பிரசல்ஸோடு மருதம், ஓயாத ஊடல். 2016 பாலை. தோற்றுப்போன 48 சதவீதம் கடற்கரையில் நின்று இரங்குகிறது, நெய்தல். டோவர் துறைமுகம் இருப்பதால் நிலமும் பொருந்துகிறது!

ஆகவே லீவ் பக்கத்தார் 'பாலையர்', ரிமெய்ன் பக்கத்தார் 'முல்லையர்'. வேண்டாமென்றால் பிரிவோர், இருப்போர். ரிமெய்ன் பக்கத்தாரை இங்கிலாந்துப் பத்திரிகைகள் புலம்புகிறவர்கள் என்று கேலியாக 'ரிமோனர்' என்கின்றனவே, அதற்கு வள்ளுவர் ஒரு அதிகாரமே தந்திருக்கிறார்: பிரிவாற்றாமை. 'பிரிவாற்றார்' என்று போட்டால் ஏச்சும் இருக்கும், இரக்கமும் இருக்கும். இந்தத் தள்ளிப்போடலுக்கும் சொல் உண்டு. பொருள் தேடப் போகிறேன் என்று கிளம்பிய தலைவன் வாசல்வரை போய்விட்டுத் தயங்கி நிற்பானே, செலவழுங்கல். செலவு என்றால் இங்கே போதல்.

கோவை ஐயா, மார்ச் 27

ரொறன்ரோ நண்பர் செலவழுங்கலைப் பாதிதான் சொன்னார். அது போகாமல் விட்டுவிடுவது அல்ல. தலைவியை ஆற்றுவித்துவிட்டுப் போவதற்காகக் கொஞ்சம் நிற்பது. கற்பியலில் தொல்காப்பியரே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். லிஸ்பன் உடன்படிக்கையின் 50ஆம் பிரிவைத் திரும்பப் பெறச் சொல்லி ஐம்பது லட்சம் பேருக்கு மேல் நாடாளுமன்ற இணையதளத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது செல்லாமை. பிரதமர் தெரேசா மே கேட்பது செலவழுங்கல். இரண்டையும் குழப்பக்கூடாது.

சென்னை உதவி ஆசிரியர், மார்ச் 27

'பிரிவு' வேண்டவே வேண்டாம். '50ஆம் பிரிவின்படி பிரிவு' என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். 'இருப்போர்' என்று அச்சில் பார்த்தால் எனக்கு இரண்டு போர் என்று கண்ணில் படுகிறது, ஒற்று இருந்தாலும். பிரிவினை என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன், அதைத் தடுக்க இந்தியா, இலங்கை இரண்டிலும் அரசியல் சட்டத் திருத்தமே இருக்கிறது. விலகுவோர், நீடிப்போர். முடிந்தது.

இலண்டன் ரீச்சர், மார்ச் 27

விலகுவோர், நீடிப்போர் எடுத்துக்கொள்கிறேன், நன்றி தம்பி. அந்த முன் வாங்குப் பிள்ளை தாய்க்கு எழுதிய குறிப்பில் நாட்டின் பெயரையே மாற்றிவிட்டாள்: 'பிரிந்தானியா'. பிரித்தானியா பிறவினையாம், பிரிந்தானியா தன்வினையாம். ஐயா அவர்கள் எழுதியதை நான்தான் வாசித்துக் காட்டினேன்.

இப்போது பேக்ஸ்ரொப். வடக்கு அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே ஏறக்குறைய 500 கிலோமீற்றர் எல்லை. 1998 உடன்படிக்கைக்குப் பிறகு அங்கே சோதனைச் சாவடி கிடையாது. வர்த்தக ஒப்பந்தம் ஒன்று வரும்வரை அந்த எல்லை அப்படியே திறந்து கிடக்க வேண்டும் என்பதற்காக நாடு முழுவதும் ஐரோப்பியச் சுங்க ஏற்பாட்டுக்குள் இருக்கும், இதுதான் அது. எல்லையைப் பெற்றோருக்கு விளங்கப்படுத்த எனக்குச் சொல் தேவையில்லை, போர்க்காலத்துச் சோதனைச் சாவடியை நினைத்து 'ஓமந்தை வேண்டாம் என்கிறார்கள்' என்றால் போதும். ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு?

ரொறன்ரோ அன்பர், மார்ச் 27

முட்டுக்கட்டை! இன்று தடங்கல் என்ற பொருளில்தான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் தேர்த் திருவிழாவில் பார்த்திருப்பீர்கள், சக்கரத்தோடு ஒட்டி ஓடிக்கொண்டே கட்டையைப் போடுவார்களே, கை சிக்கினால் போச்சு. வடம் பிடிப்பவனுக்கு அது தடங்கல், தேருக்கும் தெருவோரத்தில் நிற்பவனுக்கும் காவல். பேக்ஸ்ரொப்பைப் பிடிக்காதவர்களும் இதைத்தானே சொல்கிறார்கள், நாமாகக் கட்டையை எடுக்க முடியாது என்று.

சென்னை உதவி ஆசிரியர், மார்ச் 27

அழகுதான். ஆனால் 'அயர்லாந்து எல்லையில் முட்டுக்கட்டை' என்று படிப்பவர் எல்லையை மூடிவிட்டார்கள் என்று நினைப்பார். நேர் எதிர். 'காப்பு ஏற்பாடு' என்று போட்டுவிட்டு நகருங்கள்.

மில்டன் கீன்ஸ், முன்பு ஹொலண்ட், மார்ச் 27

நான் இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த நாட்டுக்கு வந்து பதினைந்து வருஷம், கையில் டச்சுக் கடவுச்சீட்டு. 2016இல் எனக்கு வாக்கில்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடு படிக்க வந்திருந்த என் தம்பி மூன்றாம் வருஷமே வாக்குச் சாவடிக்குப் போனான், பொதுநலவாய நாட்டுப் பிரசை என்று. ஒரே வீடு, ஒரே மேசையில் சாப்பாடு.

உங்கள் சனிக்கிழமை அன்றுதான், நாடு விலகினாலும் ஐரோப்பியப் பிரசைகள் நாங்கள் இங்கே தொடர்ந்து இருப்பதற்கான பதிவுத் திட்டமும் முழுதாகத் திறக்கிறது. செற்றில்ட் ஸ்ரேற்றஸ், அஞ்சு வருஷத்துக்குக் குறைந்தால் பிரீ செற்றில்ட். அதற்கான செயலி என் போனில் வேலை செய்யாது, தம்பியின் போனை வாங்கி அதன்மேல் கடவுச்சீட்டை வைத்துப் பிடித்துக்கொண்டு இருக்க வேணும். அம்மா பக்கத்தில் இருந்து "என்ன கேக்குது?" என்று கேட்பா. இதற்கு ஒரு சொல் தாருங்கோ. 'குடியேற்ற நிலை' என்று மட்டும் சொல்லாதீங்கோ. நாங்கள் திருகோணமலை, குடியேற்றம் என்றால் அம்மாவுக்கு அங்கே நடந்த சிங்களக் குடியேற்றம்தான் ஞாபகம் வரும்.

மன்னார்க்காரன், பர்மிங்ஹாம், மார்ச் 28

அக்கா, 'இருக்கலாமாம்' என்று சொல்லுங்கள். அம்மாவுக்கு அது போதும்.

ரொறன்ரோ அன்பர், மார்ச் 28

நிலைகுடி, இடைநிலைகுடி?

குழு மட்டுறுத்துநர், மார்ச் 28

நேற்று மாலை வாக்கெடுப்பு வைத்தேன். விலகல், வெளியேறல், பிரிகை, செலவு, பிரெக்ஸிட், பிரெக்ஸிற், பிரெட்சிட்டு, பிரிந்தானியா. வேண்டுமென்று எட்டு வைக்கவில்லை. நேற்றிரவு நாடாளுமன்றமும் எட்டு யோசனைகளை வாக்குக்கு விட்டு எட்டையும் தோற்கடித்திருக்கிறது, நம்மிடமும் எதற்கும் பாதி வரவில்லை. விலகல் முன்னால் நிற்கிறது. பிரெக்ஸிட்டும் பிரெக்ஸிற்றும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் அதை முந்தியிருக்கும். சென்னையும் யாழ்ப்பாணமும் ஒரே ஒற்றில் உடன்படுவதாக இல்லை. 'செலவு' என்று வாக்களித்த ஒரே அன்பர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். ரீச்சர், 'விலகல்' என்று அச்சுக்குக் கொடுங்கள்.

இலண்டன் ரீச்சர், மார்ச் 30, இரவு

பட்டிமன்றம் நல்லபடியாக முடிந்தது. நேற்று ஒப்பந்தம் மூன்றாம் முறையும் 344க்கு 286 என்று தோற்றதால் பிள்ளைகளுக்குப் பேசப் பொருள் குறையவில்லை. அறிவித்தலில் 'பிரித்தானியாவின் விலகல்' என்று பெரிதாகப் போட்டோம். மேடையில் ஒரு பிள்ளையாவது அதைச் சொல்லவில்லை. பத்துப் பேரும் பிரெக்ஸிற், பிரெக்ஸிற் என்றுதான் பேசினார்கள். பிரிந்தானியா சொன்னவளுக்கு மட்டும் கைதட்டல். காப்பு ஏற்பாடு என்றபோது பின்வரிசையில் ஒரு தாத்தா கையில் கட்டுகிற காப்போ என்று கேட்டார்.

கோவை ஐயா, மார்ச் 31

மகிழ்ச்சி. ஒன்று மட்டும் கவனித்தீர்களா? முதல் மடலின் தலைப்பிலேயே நீங்கள் 'பிரெக்ஸிற்றுக்கு' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். வேற்றுமை உருபு ஏறியதும் றகரம் இரட்டித்து உகரம் தானாக வந்துவிட்டது, யாரும் சொல்லித்தரவில்லை. ஆகவே எழுவாயிலும் 'பிரெக்ஸிற்று' என்றே எழுதலாம், ஈற்றுச் சிக்கல் தீர்ந்தது. ஸகரத்தைப் பற்றி இன்னும் பேச வேண்டியிருக்கிறது, நாளை விரிவாக எழுதுகிறேன்.